வானம் பார்த்த போட்டு

என் அண்ணன் ஒரு உல்லாசப் படகு வாங்கினார். படகு என்று சொன்னால் அவருக்கு மூக்கின் மேல் கோபம் வரும். "யாட்டுன்னு சொல்லு" என்பார். காரைக்காலில் யாட் என்றால் யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். ஊர் அதைப் போட்டு என்றது, நானும் போட்டு என்றேன். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அவர் இதையெல்லாம் படிக்கப்போவதில்லை.

எங்கள் வீடுகளில் அண்ணனை நானா என்போம், அண்ணன் மனைவியை மச்சி என்போம். நானா இருபது வருடத்துக்கு மேல் துபாயில் ஒரு பலசரக்குக் கம்பெனியின் கோடவுனைக் கட்டிக் காத்தவர். எந்த மாவு மூட்டை எந்தத் தட்டில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சொந்த மகள் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று கேட்டால் மட்டும் மச்சியின் முகத்தைப் பார்ப்பார். மச்சி அத்தனை வருடமும் ஒரு போனோடு குடும்பம் நடத்தினார். பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு ஊருக்குப் போன பிறகு போனும் மச்சியும்தான் வீட்டில் மிச்சம்.

அப்படிப்பட்டவர் சென்ற வருடம் நீண்ட லீவு போட்டுவிட்டு வந்தார். வந்த கையோடு கொச்சிக்குப் போய், ஒரு விடுதிக்காரர் கழித்துவிட்ட இந்தப் போட்டை வாங்கி, நீள லாரி ஒன்றில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். அரசலாற்றில் கிளம்பி, முகத்துவாரம் தாண்டி, கடலுக்குள் கொஞ்ச தூரம் ஆட்களைச் சுற்றிக் காட்டுவதாகத் திட்டம். கல்யாண வீட்டார் வருவார்கள், தர்கா கந்தூரிக்கு வந்தவர்கள் வருவார்கள், திருநள்ளாற்றுக்கு வந்தவர்கள் சனி விட்ட சந்தோஷத்தில் வருவார்கள் என்று அவரே ஆள் சேர்த்துக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் இருந்தபோது தன் முடிவைச் சொன்னார்.

"ஆறு மாசத்துக்குள்ள திரும்பிப் போகலைன்னா விசா போயிடும். போட்டு ஓடிடுச்சுன்னா அது போகட்டும், நான் இங்கயே இருந்துடுறேன். ஓடலைன்னா நான் போயிடுறேன். அவ்ளோதான்."

 அன்றிலிருந்து தொழுதுவிட்டு மச்சி கேட்கும் துஆக்களில் ஒரு டீசல் இன்ஜினும் சேர்ந்துகொண்டது. பிள்ளைகளுக்கு ஆரோக்கியம், மாமியாருக்கு மறுமை, இன்ஜினுக்கு ஓட்டம். மச்சியின் ஆசை இவ்வளவுதான்: புருஷன் திரும்பிப் போகக்கூடாது. அதை அவர் வாயால் சொல்லமாட்டார், அந்த வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும், ஒருவரைத் தவிர.

வந்தபடியே ஆற்றில் இறக்கியிருந்தால் போட்டு ஓடியிருக்கும். நானா அதைப் பட்டினச்சேரிக்குக் கொண்டுபோனார். அங்கே மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் வேலை செய்யும் பட்டறை ஒன்று இருக்கிறது. பட்டறைக்காரர் எதைக் கேட்டாலும் "செஞ்சிரலாங்க" என்று சொல்கிற ரகம். இந்த மாதிரி ஆளிடம் என் அண்ணன் மாதிரி ஆள் போய்ச் சேர்ந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது.

"நம்ம பொம்பளைங்க நாலு பேர் பார்க்க உக்கார மாட்டாங்க. கண்ணியமா ஒரு ரூம் வேணும்" என்றார் நானா. எங்களில் ஒருத்தியைக்கூட அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அறைக்குள் உட்காருவதற்குக் கடலுக்கு எதற்குப் போகவேண்டும், வீட்டிலேயே நாலு இருக்கிறதே என்று சொல்லியிருப்போம்.

அறை போட்டின் பின்பக்கத்தில் எழும்பியது. அறை என்றால் புழுங்கும், ஆகவே ஏசி. ஏசிக்கு ஒரு ஜெனரேட்டர். பெண்கள் வந்தால் கழிப்பறை வேண்டும், கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டும். விருந்தாளிகளுக்குக் குளிர்பானம் வைக்க ஒரு ஐஸ் பெட்டி, அதில் ஒரு முழு வஞ்சிரத்தைப் படுக்கவைக்கலாம். வீட்டுக் கூடத்தில் யாரும் உட்காராத சோபாவும் அங்கே போயிற்று. இன்ஜினும் டீசல் டேங்கும் அதற்கு முன்பே பின்னால்தான் இருந்தன. முன்பக்கத்தில் இருந்தது ஒரு மெத்தையும் ஒரு கொடியும். மெத்தையைச் சுற்றிக் கயிறு கட்டி, யாரும் உட்காராமல் பார்த்துக்கொண்டார், அது போட்டோ எடுக்கிற இடமாம். ஒரு கோடவுனையே தூணுக்குத் தூண் சமமாக அடுக்கத் தெரிந்த மனிதருக்கு ஒரு போட்டை அடுக்கத் தெரியவில்லை.

முதல் ஓட்டத்துக்குக் குடும்பமே போனோம். லைசென்ஸ் மட்டும் எல்லாவற்றுக்கும் முன்பே எடுத்து வைத்திருந்ததால் நானாவே ஓட்டினார். ஆற்றில் மெதுவாகப் போனபோது ஒரு குறையும் தெரியவில்லை. முகத்துவாரம் தாண்டி வேகத்தைக் கூட்டினார். போட்டின் முன்பக்கம் மெல்ல எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. பின்பக்க அறையில் உட்கார்ந்திருந்த நாங்கள் சோபாவோடு சேர்ந்து சுவரில் சாய்ந்தோம். ஜன்னலில் கடல் மறைந்து ஆகாயம் வந்தது. இன்ஜின் உறுமிய உறுமலுக்கு இலங்கைக்கே போயிருக்கவேண்டும், ஆனால் எங்களைத் தாண்டி ஒரு சாதாரண வள்ளம் நிதானமாகப் போயிற்று. அதிலிருந்தவர் எங்களுக்குக் கையை வேறு ஆட்டினார்.

கரையில் கற்களின் மேல் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் இதைப் பார்த்தார்கள். மழையை நம்பிக் கிடக்கிற நிலத்தை வானம் பார்த்த பூமி என்கிறோம் அல்லவா, அன்று மாலையே எங்களுக்கு வானம் பார்த்த போட்டு என்று பெயர் வந்துவிட்டது. நானா சூட்டியிருந்த பெயரைப் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் பெயின்ட் அடித்திருந்தார்கள், அதை ஒருவரும் வாசிக்கவில்லை.

துறைமுக அலுவலகத்திலிருந்து பார்வையிட வந்த அதிகாரியும் ஒரு சுற்று வந்து பார்த்தார். நல்ல மனிதர், சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்.

"முன்னால என்ன இருக்குன்னே தெரியலீங்களே. நடுவுல ஒரு வள்ளம் நின்னா என்ன செய்வீங்க? முதல்ல இதைச் சரி பண்ணுங்க. ஆள் நிறைய ஏத்திக்கிட்டு ஓட்டிக் காட்டுங்க, அப்புறம் சர்டிபிகேட் பார்ப்போம்."

இதற்குப் பிறகுதான் நான் உள்ளே இழுக்கப்பட்டேன். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த ஒரே குற்றத்துக்காகப் போட்டின் கையேட்டை வாசித்துச் சொல்வதும், கொச்சியில் இருந்த ஒரு கப்பல் இன்ஜினியரிடம் போனில் பேசுவதும் என் தலையில் விழுந்தன. பேச்சு நடப்பது நானாவின் வீட்டு அடுப்படியில். போனை ஸ்பீக்கரில் போட்டு மேடையில் வைத்துவிடுவோம். மச்சி ஒரு பக்கம் இறால் உரித்துக்கொண்டிருப்பார்.

இன்ஜினியர் பொறுமையாக விளக்கினார். போட்டு நிற்கும்போது சமமாக நிற்பது வேறு, ஓடும்போது சமமாக ஓடுவது வேறு. இந்த ஜாதிப் போட்டு வேகம் எடுத்தால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகாது, தண்ணீரின் மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போகும். பின்னால் பாரம் கூடினால் ஏற முடியாமல் பிருஷ்டத்தைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு மூக்கை மட்டும் தூக்கும். டீசல் குடிக்கும், வேகம் வராது. ஆகவே பாரத்தை முன்னே கொண்டுபோங்கள், பின்விளிம்பில் தண்ணீரைக் கீழே தள்ளும் தகடுகள் மாட்டுங்கள், ஆட்களையும் முன்னால் உட்காரவையுங்கள். இந்த மூன்றையும் நான் தமிழில் நானாவுக்குச் சொன்னேன். அவர் மூன்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு நாலாவதாக ஒன்றைச் செய்தார்.

முன்பக்கத்தில் மணல் மூட்டைகளை ஏற்றினார். பின்னால் இருக்கிற எதையும் தொடாமல், முன்னால் அதே அளவு பாரம். துறையில் நின்றபோது போட்டு மட்டப்பலகை வைத்தாற்போல நின்றது. நானா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஓட்டியபோது, கர்ப்பிணி எருமை குளத்துக்குள் இறங்குவது போல முழுப் போட்டும் ஆழத்தில் உட்கார்ந்து நகர்ந்தது. மூன்றாவது அலையில் ஒரு மூட்டை கிழிந்து, மணல் அடித்தளத்தில் இறங்கி, தண்ணீர் இறைக்கும் பம்பை அடைத்தது. பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்த மனிதர் இது மணலா உப்பளமா என்று கேட்டார்.

அடுத்து பட்டறைக்காரர் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார். பின்விளிம்புக்கு அடியில் ஃபைபரில் ஒரு ஆப்பு வைத்தால் மூக்கு தானாக இறங்குமாம். யோசனை தப்பில்லை, இன்ஜினியரே ஒப்புக்கொண்டார், மெல்லியதாக வைக்கச் சொன்னார். நான் "மெல்லியதாக" என்பதை மூன்று முறை அழுத்திச் சொன்னேன். ஆனால் எங்கள் பக்கத்தில் விருந்து என்றாலும் வேலை என்றாலும் கொஞ்சமாகச் செய்தால் அது அவமானம். இருவரும் சேர்ந்து தாராளமாக வைத்தார்கள். இப்போது மூக்கு இறங்கியது, இறங்கித் தண்ணீருக்குள் போயிற்று. பின்னாலிருந்து அலை வந்தபோதெல்லாம் போட்டு முட்டவரும் கிடா போலத் தலையைக் குனிந்துகொண்டு பக்கவாட்டில் திரும்பியது. நானா தெப்பமாக நனைந்து கரையேறினார்.

"ஆத்துல நீரோட்டம் சரியில்லை" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஆப்பைப் பாதிக்கு மேல் தேய்த்து எடுத்தார்கள். கொச்சியிலிருந்து அந்தத் தகடுகளும் வந்தன, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, ஸ்விட்சைத் தட்டினால் பின்விளிம்பில் மடங்கி இறங்கும். அவை உண்மையாகவே வேலை செய்தன. நானாவும் பட்டறைக்காரரும் இரண்டு பேர் மட்டும் போனபோது போட்டு அழகாகத் தண்ணீரின் மேல் ஏறி ஓடியது. அவர் போனில் எடுத்துவந்த வீடியோவை மச்சி எத்தனை முறை பார்த்தார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் என்னையும் பார்க்கவைத்தார். பிறகு ஆட்களை ஏற்றினார்கள். அறைக்குள் பெண்கள் ஏறியதும், அறைக்கு முன்னால் இருக்கிற சுக்கானைச் சுற்றி ஆண்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க நின்றதும், மூக்கு பழையபடி வானத்தைப் பார்த்தது.

விசா முடிய இன்னும் சில வாரங்களே இருந்தன.

நான் மறுபடி இன்ஜினியரைக் கூப்பிட்டேன். தகடு எவ்வளவுதான் செய்யும் என்றார் அவர். ஜெனரேட்டரையும் தொட்டியையும் முன்னால் மாற்றுங்கள், முன்னால் அவ்வளவு இடம் இருக்கிறதே, ஆட்களை அங்கே உட்காரவையுங்கள், ஐந்தாறு பேர் போதும். நான் அதை அப்படியே நானாவிடம் சொன்னேன்.

"முன்னால யாரு? ஆம்பளைங்க போவாங்களா? எல்லாரும் சுக்கான்கிட்டதான் நிப்பாங்க."

"பொம்பளைங்க நாங்க போறோம் நானா."

"ஊரே பார்க்க அணியத்துல போய் உக்காருவீங்களா?" என்றார். அணியம் என்பது படகின் முன்முனை. "ரூம் எதுக்குக் கட்டியிருக்கு? தொட்டியை மாத்தினா பைப்பு எல்லாம் மாத்தணும். ஆகுற வேலையாப் பேசு."

"அப்ப என்னதான் செய்யப்போறீங்க?"

"என்ன செய்யுறது? லெவல் ஆகலைன்னா போயிட வேண்டியதுதான்."

அதைச் சொன்ன விதம்தான் எனக்குச் சுருக்கென்றது. வருத்தப்பட்டுச் சொன்னவர் மாதிரி இல்லை. டிக்கெட் கவுண்டரில் தன் முறை வந்துவிட்டவர் மாதிரி இருந்தது. ஒவ்வொரு முறையும் போட்டு சரியாகிற நேரம் பார்த்து இவர் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் போட்டில் நானே ஓட்டை போட்டிருப்பேன். மச்சி இறால் ஓடுகளை ஒன்றாகக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

அதிகாரி மறுபடி வந்த நாளில் நல்ல வெயில், சுமாரான காற்று. முழு ஆளோடு ஓட்டிக் காட்டவேண்டும் என்பதால் சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தது. பெண்கள் பக்கம் மச்சி, நான், மாமி ஒருவர், இன்னும் நாலைந்து பேர். எல்லாருக்கும் ஆரஞ்சு நிற உயிர்காப்பு உடை கொடுத்தார்கள். கறுப்பு புர்காவின் மேல் அதை மாட்டிக்கொண்டு வரிசையாக அறைக்குள் நுழைந்தோம், பார்த்தவர்கள் பேரிடர் மீட்பு என்று நினைத்திருப்பார்கள். ஆண்கள் அதிகாரியைச் சுற்றி, சுக்கானைச் சுற்றி, ஒருவர் தோளில் ஒருவர் ஏறாத குறையாக நின்றார்கள்.

முகத்துவாரம் தாண்டியது. நானா வேகத்தைக் கூட்டினார். மூக்கு எழுந்தது.

அறைக்குள் ஏசி ஓடியது, கதவு மூடியிருந்தது, ஆனாலும் பின்னால் கக்கிய டீசல் புகை எப்படியோ சுழன்று உள்ளேயே வந்தது. மாமி முதலில் ஓதினார், பிறகு வாயைப் பொத்தினார், பிறகு ஐஸ் பெட்டியைத் திறந்து அதற்குள் வாந்தி எடுத்தார். குளிர்பானங்கள் அன்றோடு விருந்தாளிகளுக்கு இல்லை என்று ஆயிற்று.

மச்சி எழுந்தார். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். நான் பின்னாலேயே ஓடினேன், அவருக்கும் குமட்டல் என்றுதான் நினைத்தேன். அவர் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சுக்கானைத் தாண்டி, ஆண்களைத் தாண்டி முன்னே நடந்தார். மேட்டில் ஏறுகிற மாதிரி இருந்தது, அந்த அளவுக்கு முன்பக்கம் தூக்கியிருந்தது. நானா "ஏய், எங்க போறே?" என்று கத்தினார். மச்சி திரும்பவில்லை. போட்டோ எடுக்கிற மெத்தையைச் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டு அதில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். மாமியைத் தாங்கிக்கொண்டு மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

மூக்கு இறங்கியது. அதை நான் உடம்பாலேயே உணர்ந்தேன், ஊஞ்சல் திரும்பி வருகிற நேரம் வயிற்றில் வருமே, அப்படி. இன்ஜினின் உறுமல் தணிந்தது. போட்டு ஒரு முறை தயங்கி, தண்ணீரின் மேல் ஏறி, அப்படியே வழுக்கிக்கொண்டு ஓடியது. எதிரே இதுவரை நாங்கள் பார்க்காத ஒன்று இருந்தது: கடல். உப்புத் தண்ணீர் எங்கள் முகத்தில் தெறித்தது. மாமி கலிமா சொல்வதை நிறுத்திவிட்டு, "அட, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

பின்னால் அதிகாரியின் குரல் கேட்டது. "ஆங், இப்பத் தெரியுது. நேராப் போங்க."

துறைக்கு வந்ததும் அவர், முன்பக்கம் இருக்கைகளை நிரந்தரமாகப் போட்டு, நல்ல கம்பி வைத்து, ஜெனரேட்டரை நகர்த்திவிடுங்கள், சர்டிபிகேட் தருவதில் சிரமம் இருக்காது என்றார். எல்லாரும் நானாவின் கையைக் குலுக்கினார்கள். பட்டறைக்காரர், ஆப்பு வைத்ததால்தான் இது நடந்தது என்று அதிகாரியிடம் விளக்கிக்கொண்டே கூடப் போனார். கூட்டம் கரையேறிவிட்டது. மச்சி மட்டும் மெத்தையை விட்டு எழவில்லை, அதனால் நானும் எழவில்லை. நானா போட்டைத் துறையில் கட்டிவிட்டு எங்களிடம் வந்தார், முகம் வெற்றி பெற்றவர் முகமாக இல்லை.

"இப்படியா எல்லார் முன்னாலயும் வந்து உக்காருவே?" என்றார்.

"அந்த இன்ஜினியர் சொன்னதை நானும்தானேங்க கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார் மச்சி. "போட்டு நேராயிடுச்சு. இனிமே நீங்க போறதா இருந்தா போட்டு மேல பழி போடாதீங்க. எனக்குப் போகணும்னு சொல்லிட்டுப் போங்க. நான் தடுக்க மாட்டேன்."

நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போவதுதான் மரியாதை, ஆனால் கால் வரவில்லை. மெத்தையைச் சுற்றி அவிழ்ந்து கிடந்த கயிற்றை நானா குனிந்து சுருட்டினார். பேசியபோது என் பக்கம் பார்க்காமல், மச்சியையும் பார்க்காமல் பேசினார்.

"அங்க எனக்கு எல்லாம் தெரியும் புள்ள. எது எங்க இருக்குன்னு என்னைக் கேட்டுத்தான் எடுப்பாங்க. இங்க வீட்ல சீனி டப்பா எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியலை. அஞ்சு மாசமா விருந்தாளி மாதிரி சுத்துறேன். உன்கிட்ட கேட்கவும் கூச்சமா இருக்கு."

இத்தனை மாதமாக அவர் மேல் சேர்த்துவைத்திருந்த கோபம் எனக்கு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.  அந்த மனிதர் எங்களுக்கென்று ஒரு அறையைக் கட்டியதே, அந்த வீட்டில் தனக்கென்று எதையாவது செய்து காட்டத்தானோ என்று தோன்றியது. அதைக்கூட உருப்படியாகச் செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

மச்சி உயிர்காப்பு உடையின் வாரை அவிழ்த்துக் கழற்றினார். அழவில்லை, குரலும் உயரவில்லை.

"கேளுங்க" என்றார். "இருபது வருஷமா போன்ல எல்லாத்தையும் நான்தான் கேட்டேன். சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா, எப்ப வருவீங்கன்னு. இனிமே நீங்க கேளுங்க, நான் சொல்றேன்."